'சிங்கப்பூர்ல பிடிபட்டார், அப்புறம் தகவலே இல்ல': போர்க்கைதியான தாத்தாவின் பதிவுகளைத் தேடுவது எப்படி?

சென்னை கே.கே. நகரில் இருந்து வாசகர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய தாத்தாவின் அண்ணன், அதாவது பெரிய தாத்தா, இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனவர். சொந்த ஊர் வேலூர் பக்கம். 'சிங்கப்பூர்ல ஜப்பான்காரன்கிட்ட மாட்டிக்கிட்டார்' என்பதுதான் குடும்பத்துக்குத் தெரிந்த கடைசிச் செய்தி. இறந்தாரா, எங்கே இறந்தார், எந்தத் தேதி என்று எதுவுமே தெரியாது. பெரிய பாட்டி கடைசி வரைக்கும் தாலியைக் கழற்றவில்லையாம்.

இறந்த நாள் தெரியாததால் வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்குத்தான் அவர் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் விடுகிறார்கள். வாசகர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "80 வருஷம் ஆச்சு. இனிமே தேதி தெரிய வாய்ப்பு இருக்கா?"

வாய்ப்பு இருக்கு. ஆனால் எங்கே தேடுவது, எதை வைத்துத் தேடுவது என்பது தெரியணும். பலரும் பெயரை மட்டும் கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு 'ஒண்ணும் வரல' என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இந்தத் தேடலுக்குப் பெயர் பெரிதாக உதவாது. உதவுவது ஒரு நம்பர். அது உங்க வீட்டுப் பரணிலேயே இருக்கலாம்.

எத்தனை பேர் பிடிபட்டார்கள்?

இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் பேர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள். அவர்களில் 79 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் எதிரிகளிடம் போர்க்கைதி ஆனார்கள் என்பது அந்தக் காலத்து அதிகாரபூர்வக் கணக்கு.

பெரும்பகுதி மலேயா, சிங்கப்பூரில் பிடிபட்டவர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். இரண்டே நாளில், பிப்ரவரி 17 அன்று, இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். அங்கே கூடியவர்கள் ஏறக்குறைய 40 ஆயிரத்துக்கும் மேல்.

இன்னொரு பகுதியினர் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மனி, இத்தாலி படைகளிடம் பிடிபட்டவர்கள். அவர்களை இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனியில் இருந்த முகாம்களில் வைத்தார்கள்.

இந்த இரண்டில் உங்கள் உறவினர் எந்தப் பக்கம் என்பது முக்கியம். ஏனென்றால் ஐரோப்பாவில் இருந்த கைதிகளுக்குக் காகிதம் அதிகம். ஜப்பானியர் கையில் இருந்தவர்களுக்குக் காகிதம் குறைவு. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

முதல் கேள்வி: அவர் யார்?

'தாத்தா சயாம் ரயில் ரோட்டுல கைதியா இருந்தார்' என்று பல தமிழ்க் குடும்பங்களில் சொல்வதுண்டு. இங்கேதான் முதல் குழப்பம் வருகிறது. தேடுவதற்கு முன்னால், கீழே இருக்கும் மூன்றில் அவர் யார் என்று முடிவு செய்யுங்க.

ஒன்று, ராணுவத்தில் சேர்ந்து, சம்பளம் வாங்கி, போரில் பிடிபட்டவர். இவர்தான் சட்டப்படி போர்க்கைதி. இவருக்குச் சேவை எண் இருக்கும். துப்பாக்கி பிடித்தவர் மட்டும்தான் என்று நினைக்காதீங்க. சாப்பர், டிரைவர், மருத்துவமனை ஊழியர், கிளார்க், சமையல்காரர், சலவைக்காரர் என்று படையில் பெயர் பதிந்த எல்லோரும் இதில் வருவார்கள்.

இரண்டு, மலேயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து, ஜப்பானியர்களால் சயாம் - பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டவர். இவர் அனுபவித்ததும் கைதி வாழ்க்கைதான். ஆனால் பதிவேட்டில் இவர் கூலித் தொழிலாளி, போர்க்கைதி கிடையாது.

மூன்று, இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐ.என்.ஏ.வில் இருந்தவர். இதிலும் இரண்டு வகை உண்டு. பிடிபட்ட சிப்பாயாக இருந்து சேர்ந்தவர்கள் ஒரு வகை. மலேயா, பர்மாவில் வாழ்ந்துகொண்டிருந்து நேரடியாகச் சேர்ந்த பொதுமக்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் தமிழர்கள் நிறைய.

சயாம் ரயில் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்கள். அங்கே இருந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் மலேயாத் தோட்டத் தமிழர்கள். அதனால் 'சயாம்' என்று உங்க வீட்டில் சொன்னால், அவர் தோட்டத் தொழிலாளியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ராணுவ ஆவணங்களில் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

பரணில் இருந்து ஆரம்பிங்க

சிப்பாய் என்று உறுதியானால், அடுத்த வேலை சேவை எண்ணைக் கண்டுபிடிப்பது. ஏன் எண்? அன்றைக்கு நம்ம ஆட்களுக்கு இனிஷியல் வைத்து எழுதும் பழக்கம் பட்டாளத்தில் ஒரே மாதிரி இல்லை. முருகேசன் என்ற ஒரே பெயரை நாலு கிளார்க் நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அப்பா பெயர் சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது. ஒரே படைப்பிரிவில் பத்து முனுசாமி இருந்திருப்பார்கள். இதில் எது உங்க முனுசாமி என்று சொல்வது எண் மட்டும்தான்.

அந்த எண் எங்கெல்லாம் இருக்கலாம்?

பதக்கம்: இந்தியப் படையினருக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்களில் பெயரும் எண்ணும் பொறித்திருப்பது உண்டு. நட்சத்திர வடிவப் பதக்கம் என்றால் பின்பக்கம், வட்டப் பதக்கம் என்றால் விளிம்பு. பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து போயிடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து போட்டோ எடுங்க.

டிஸ்சார்ஜ் புத்தகம்: திரும்பி வந்தவராக இருந்தால் இது இருக்கும். எண், படைப்பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி என எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கடிதம், மணியார்டர் துண்டு: குடும்பத்துக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி வந்துகொண்டிருந்தால் அந்த ரசீதில் எண் இருக்கலாம். 'காணவில்லை' என்று ராணுவத்தில் இருந்து வந்த கடிதம் இருந்தால் கட்டாயம் இருக்கும்.

முகாமில் இருந்து வந்த அட்டை: செஞ்சிலுவைச் சங்க முத்திரை, தணிக்கை முத்திரை, 'ஸ்டாலாக்' என்ற வார்த்தையோடு ஒரு எண் இருந்தால் அது ஜெர்மன் முகாமின் பெயர். உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, சில நேரம் உள்ளே இருக்கும் கடிதத்தைவிட உறையில்தான் தகவல் அதிகம்.

எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அதையும் சேர்த்து எழுதி வையுங்க. அது எந்தப் படைப்பிரிவு என்பதற்கான துப்பு.

எதுவுமே இல்லையா? பரவாயில்லை. அப்பா பெயர், கிராமம், அன்றைய தாலுகா, அன்றைய மாவட்டம், சேர்ந்த ஆண்டு (தோராயமாக) இந்த ஐந்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்க. மெட்ராஸ் மாகாணத்தில் இருந்து போனவர்கள் அதிகம் இருந்த பிரிவுகளில் ஒன்று மெட்ராஸ் சாப்பர்ஸ். வீட்டில் 'சாப்பர்' என்ற வார்த்தையை யாராவது சொன்ன ஞாபகம் இருந்தால் அதுவே பெரிய துப்பு.

படி 1: இறந்திருந்தால், போனிலேயே தேடலாம்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம் இலவசம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருக்கும்போது இறந்தவர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. முகாமில் இறந்த கைதிகளும் இதில் அடக்கம். உயிரோடு ஊர் திரும்பியவர் இதில் வரமாட்டார்.

ஒருவருக்கு ஒரு பக்கம். அதில் பெயர், பதவி, எண், படைப்பிரிவு, இறந்த தேதி, கல்லறை அல்லது நினைவுச்சின்னம் இருக்கும். பல பேருக்கு அப்பா பெயர், மனைவி பெயர், கிராமம், மாவட்டம்கூட இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

தேடுவதற்குச் சில டிப்ஸ்:

முதலில் எண்ணைப் போடுங்க. எண் இல்லையென்றால், இந்தியப் படை என்று வடிகட்டி, படைப்பிரிவைத் தேர்ந்தெடுங்க. கூடுதல் தகவல் என்ற பெட்டியில் ஊர் அல்லது மாவட்டத்தின் பெயரைப் போடுங்க.

இன்றைய பெயரைப் போட்டால் வராது. திருநெல்வேலி என்றால் அன்றைய ஆங்கில வழக்கில் 'டின்னவெலி'. தஞ்சாவூர் என்றால் 'தஞ்சோர்'. திருச்சி 'ட்ரிச்சினோபொலி', செங்கல்பட்டு 'சிங்கிள்புட்', ராமநாதபுரம் 'ராம்நாட்'. இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை எல்லாம் அன்றைக்கு 'நார்த் ஆற்காடு'. இந்த எழுத்துக்கூட்டல்களில்தான் தேடணும்.

பெயரை முழுதாகப் போடாமல், முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்க. கடைசி எழுத்துகளில்தான் ஸ்பெல்லிங் அதிகம் மாறும்.

கல்லறை கிடைக்காத, சடலம் கிடைக்காத வீரர்கள் பெயர்களை நினைவுச்சின்னங்களில் பொறித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச்சின்னத்தில் 24 ஆயிரத்துக்கும் அதிகமான பெயர்கள். மியான்மரின் தவுக்யான் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் ஏறக்குறைய 27 ஆயிரம் பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர். ஆக 'கல்லறை இல்லை' என்பதால் 'பதிவு இல்லை' என்று அர்த்தம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. சரணடைந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாக இருந்தால் உடனே நம்பிடாதீங்க. உண்மையில் அன்றைக்கே இறந்தாரா, இல்லை தகவல் கிடைக்காததால் 'இறந்ததாகக் கருதி' அந்தத் தேதியைப் போட்டார்களா என்று ரெக்கார்டு ஆபீஸிடம் கேட்டு உறுதி செய்யணும்.

படி 2: ரெக்கார்டு ஆபீஸுக்கு ஒரு கடிதம்

'பிரிட்டிஷ் ராணுவம்தானே, பதிவெல்லாம் லண்டன்ல இருக்கும்' என்று பலர் நினைக்கிறார்கள். அதிகாரிகளின் கோப்புகள் அங்கே இருப்பது உண்மை. ஆனால் சாதாரணச் சிப்பாய்களின் சேவைப் பதிவு இந்தியாவிலேயே தங்கிவிட்டது. அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ்தான் அதற்குப் பொறுப்பு.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி மாவட்டம் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை என்றால் நாசிக். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். ராணுவ மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ.

கடிதத்தில் என்ன கேட்கணும் என்பதுதான் முக்கியம். 'என் தாத்தா பற்றிய எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதினால் 'ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன' என்ற ஒரு வரிப் பதில் வரலாம். அது பொய்யும் இல்லை. ஓய்வூதியம் இல்லாமல் படையை விட்டுப் போனவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுகள் வரை வைத்திருந்துவிட்டு அழிப்பது ராணுவ நடைமுறை.

ஆனால் 'லாங் ரோல்' என்று ஒரு பதிவேடு உண்டு. படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அதில் பதிவு இருக்கும். அதை அழிப்பதில்லை, நிரந்தரமாக வைத்திருப்பார்கள். அதனால் உங்கள் கடிதத்தில் 'லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்' என்று குறிப்பிட்டே கேளுங்க. கூடவே சேர்ந்த தேதி, பணியாற்றிய யூனிட், காணாமல் போனதாக அல்லது கைதியானதாகப் பதிந்த தேதி, இறந்த அல்லது விலகிய தேதி, நெருங்கிய உறவினர் பெயர், பதக்கங்கள் என்று வரிசை போட்டுக் கேளுங்க.

உங்கள் ஆதார் நகல், அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் வாரிசுச் சான்று அல்லது குடும்ப அட்டை, பதக்கத்தின் போட்டோ எல்லாம் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்க. ரசீதைப் பத்திரமாக வையுங்க.

பதில் வரலைன்னா ஆர்.டி.ஐ.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ராணுவத்திடம் கேட்கலாம். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வரணும். வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் பயப்பட வேண்டாம். சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

'தனிநபர் தகவல்' என்று சொல்லி மறுக்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் உறவுக்கான ஆதாரத்தை முதலிலேயே இணைக்கச் சொல்கிறோம்.

படி 3: ஜெனீவாவில் ஒரு அட்டை

போர்க்கைதிகளைப் பற்றிய தகவல்களை இரு தரப்பிடமும் வாங்கிச் சேர்த்து வைத்தது ஜெனீவாவில் உள்ள சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம். முதல் உலகப் போர்க் கைதிகளின் அட்டைகளை அவர்கள் இணையத்தில் போட்டுவிட்டார்கள். இலவசமாக வீட்டிலிருந்தே பார்க்கலாம். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் 2007-ல் இடம்பிடித்த ஆவணம் அது.

இரண்டாம் உலகப் போர் அட்டைகள் அப்படி இல்லை. படிவம் நிரப்பிக் கேட்கணும். ஆண்டு முழுவதும் விண்ணப்பம் வாங்குவதில்லை. குறிப்பிட்ட நாட்களில் திறப்பார்கள். ஒதுக்கீடு நிறைந்ததும் மூடிவிடுவார்கள். அதனால் அவர்கள் இணையதளத்தில் அடுத்த தேதியைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்க.

உங்கள் உறவினர் இத்தாலி, ஜெர்மனி பக்கம் பிடிபட்டவர் என்றால் இங்கே நல்ல வாய்ப்பு உண்டு. எந்த முகாம், எப்போது இடம் மாற்றினார்கள், உடம்பு சரியில்லாமல் போனாரா என்பதுகூட இருக்கலாம்.

ஜப்பானிடம் பிடிபட்டவர் என்றால் எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க. கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டதே தவிர, அதை உறுதி செய்து ஏற்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அவர்கள் கொடுத்த பட்டியல்கள் முழுமையானவை இல்லை. கீழைப் போர்முனையில் காகிதம் குறைந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ஃபாரர் பார்க்குக்குப் பிறகு என்ன ஆனார்கள்?

அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. கேப்டன் மோகன் சிங் தலைமையில் உருவான ஐ.என்.ஏ.வில் சேர்வது ஒன்று. மறுத்துவிட்டுக் கைதியாகவே இருப்பது இன்னொன்று. 1942 கடைசியில் முதல் ஐ.என்.ஏ. கலைந்தது. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் வந்து மறுபடியும் கட்டினார்.

கைதியாகவே இருந்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றி நியூ கினியா, நியூ பிரிட்டன் போன்ற பசிபிக் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பட்டினி, மலேரியா, அடி உதை, நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சு எல்லாம் சேர்ந்து பலரைக் கொன்றது. நியூ கினியாவின் வேவாக் பகுதிக்குப் போன சுமார் 3 ஆயிரம் பேரில் 1945-ல் மிஞ்சியவர்கள் சில நூறு பேர்கூட இல்லை.

அங்கே மிஞ்சியவர்களை மீட்டது ஆஸ்திரேலிய ராணுவம். அதனால் 'சிங்கப்பூர்ல பிடிபட்டவர்' பற்றிய தடயம் ஆஸ்திரேலியாவில் கிடைக்கலாம். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையதளத்தில் மீட்கப்பட்ட இந்தியக் கைதிகளின் போட்டோக்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் மீதான போர்க்குற்ற விசாரணைக் கோப்புகள் இருக்கின்றன. இந்தியக் கைதிகளுக்கு நடந்த கொடுமைகளும் அவற்றில் விசாரிக்கப்பட்டன.

லண்டனின் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஜப்பானியர்கள் கைதிகளுக்கு எழுதி வைத்த சுமார் 57 ஆயிரம் அட்டைகள் உள்ளன. ஆனால் பெரும்பாலானவை பிரிட்டிஷ் மற்றும் பிற காமன்வெல்த் வீரர்களுடையவை. இந்தியச் சிப்பாயைத் தேடுபவர்கள் அங்கே கடைசியாகப் போனால் போதும்.

ஐ.என்.ஏ.வில் சேர்ந்திருந்தால்?

இது பல வீடுகளில் பேசத் தயங்கும் விஷயம். சிலருக்குப் பெருமை, சிலருக்குக் குழப்பம். பதிவேட்டிலும் அது தெரியும்.

போர் முடிந்து பிரிட்டிஷார் விசாரித்தபோது, பிடிபட்ட ஐ.என்.ஏ.க்காரர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். பிரிட்டிஷாருக்கு விசுவாசமாகவே இருந்தவர் என்று நம்பியவர்களை வெள்ளையில் வைத்து மறுபடியும் வேலைக்கு எடுத்தார்கள். சாம்பல், கறுப்பில் இருந்தவர்களைப் படையில் இருந்து நீக்கினார்கள். இதனால் ஒரு சேவைப் பதிவில் 'நீக்கம்' என்று இருந்தால் உடனே ஏதோ தப்பு செய்துவிட்டார் என்று நினைத்துவிடாதீங்க. தேதி 1945, 46 என்றால் ஐ.என்.ஏ. காரணமாக இருக்கலாம்.

அதேபோல இன்னொன்றும் சொல்லணும். சேராமல் மறுத்து, நியூ கினியாவில் செத்தவரையும் நாம் குறைத்துப் பார்க்கக் கூடாது. முகாமில் எந்த நிலையில் அந்த முடிவை எடுத்தார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஐ.என்.ஏ. பற்றிய கோப்புகள் டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் 990 கோப்புகளை அங்கே ஒப்படைத்தது. 'அபிலேக் படல்' என்ற அவர்களின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு தேடலாம். ஸ்கேன் செய்த பல கோப்புகளை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

நம்ம ஊரிலேயே ஒரு வழி உண்டு. ஐ.என்.ஏ.க்காரர்கள் பலர் பின்னாளில் தியாகி ஓய்வூதியம் வாங்கினார்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது எங்கே பிடிபட்டார், எந்தச் சிறையில் இருந்தார் என்று ஆதாரத்தோடு கொடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால், அந்தக் கோப்பின் நகலைக் கலெக்டர் ஆபீஸில் கேளுங்க.

தோட்டத் தொழிலாளியாக இருந்திருந்தால்?

இதுதான் மனசுக்குக் கஷ்டமான பதில். சயாம் - பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் இறந்த போர்க்கைதிகள் சுமார் 13 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர், எண், கல்லறை எல்லாம் இருக்கிறது. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. தமிழர்கள் இதில் பெரும் பங்கு. இவர்களுக்கு எண்ணும் கிடையாது, தனித்தனிக் கல்லறையும் கிடையாது.

அதனால் தனி மனிதரின் பதிவு கிடைப்பது ரொம்பக் கடினம். ஆனால் சுற்றிவளைத்துத் தேடலாம். எந்த எஸ்டேட் என்பது தெரிந்தால் அதுதான் இங்கே 'சேவை எண்' மாதிரி. மலேயா இந்தியர்களைப் பற்றிய அன்றைய இந்திய அரசின் கோப்புகள் டெல்லி ஆவணக் காப்பகத்தில், வெளிநாடுவாழ் இந்தியர்களைக் கவனித்த துறையின் பெயரில் இருக்கின்றன. மலேசியாவில் அதே எஸ்டேட்டில் இருந்த குடும்பங்களின் வாய்மொழித் தகவலும் முக்கியம்.

தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் இந்தத் தமிழர்களுக்காக 2023-ல் ஒரு நடுகல் வைக்கப்பட்டது. பெயர் தெரியாதவர்களுக்காகப் போய் நிற்பதற்கு இப்போது ஒரு இடமாவது இருக்கிறது.

1962, 1965, 1971 போர்கள் என்றால்?

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த போர்கள் என்றால் வேலை கொஞ்சம் சுலபம். ரெக்கார்டு ஆபீஸ், ஆர்.டி.ஐ. இரண்டும் போதும். 1971 போரில் பாகிஸ்தானிடம் பிடிபட்ட இந்திய வீரர்கள் 1972 டிசம்பரில் வாகா வழியாகத் திரும்பினார்கள். ஆனால் திரும்பாதவர்களும் உண்டு. காணாமல் போன வீரர்களின் பட்டியல் ஒன்று 1979-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்தக் குடும்பங்கள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கின்றன.

சென்னையில் நேரில் எங்கே போகலாம்?

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்: ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவிகளுக்கும் தமிழக அரசு மாதாந்திர உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. தாத்தாவோ பாட்டியோ அதை வாங்கியிருந்தால், சேவை எண் அந்தக் கோப்பில் இருக்கும். நீங்கள் இப்போது கே.கே. நகரில் இருந்தாலும், அவர்கள் வாங்கிய மாவட்டத்தில்தான் கேட்கணும். எந்த ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுவது என்ற சந்தேகத்தையும் இங்கேயே கேட்கலாம்.

தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர்: அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் நேராக எழும்பூர். சிப்பாயின் சேவைப் பதிவு இங்கே கிடைக்காது. மெட்ராஸ் அரசின் அந்தக் காலத்து அரசாணைகள் கிடைக்கும். ஊர், தாலுகா பெயர்க் குழப்பம் இருந்தால் உதவும்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறை: கத்திப்பாராவில் இருந்து போரூர் போகும் மவுன்ட் - பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 857 காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகள் இங்கே உண்டு. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளை ஒன்று சேர்த்த இடம் இது. வெளிநாட்டு முகாமில் இறந்தவர் இங்கே இருக்க மாட்டார். ஆனால் பசங்களோடு ஒருமுறை போய்ப் பாருங்க. ஒரு சிப்பாயைப் பற்றி ராணுவம் எதை எழுதி வைத்தது என்பது அந்தக் கற்களைப் பார்த்தாலே புரியும்: எண், பெயர், பிரிவு, தேதி.

பதில் வந்ததும் எப்படிப் படிப்பது?

'காணவில்லை' என்றால் அன்றைய தேதியில் படைக்கு அவர் எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான். 'காணவில்லை, கைதியாக இருக்கலாம்' என்றால் யாரோ பார்த்ததாகத் தகவல் வந்திருக்கிறது. 'இறந்ததாகக் கருதப்படுகிறது' என்றால் ஆதாரம் கிடைக்காமல், காலம் கடந்ததால் எடுத்த முடிவு. 'மீட்கப்பட்டார்' என்றால் போர் முடிந்து நேச நாட்டுப் படையிடம் வந்து சேர்ந்தார். இந்த நாலு வார்த்தைக்கும் ஒரு குடும்பத்தில் நாலு அர்த்தம்.

வாசகருக்கு நம் பதில்

அந்த கே.கே. நகர் குடும்பத்திடம், வேலூரில் இருக்கும் பூர்வீக வீட்டில் டிரங்குப் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். ஒரு மஞ்சள் கடிதத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'காணவில்லை' என்று அறிவிக்கும் ராணுவக் கடிதம். மேலே இடது மூலையில், இத்தனை வருஷமாக யாரும் கவனிக்காமல், அவருடைய எண் இருந்தது.

கல்லறை ஆணைய இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கவும், லாங் ரோல் நகல் கேட்டு ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதவும் சொல்லியிருக்கிறோம். அதில் ஒரு தேதி வந்தால், அந்த நாளின் திதியைப் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துவிடலாம். வராவிட்டால் மகாளய அமாவாசை இருக்கவே இருக்கு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெயர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. குடும்பத்தில் வயதில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி, அவரைப் பற்றிக் கேளுங்க. ரெக்கார்டு ஆபீஸ் கடிதத்தை அடுத்த மாதம்கூட எழுதிக்கலாம். இதைத் தள்ளிப் போடாதீங்க.